சுருக்குக்கு ஏற்ற கழுத்து

காசி நகரில் 1881-ல் எழுதப்பட்ட ஒரு நாடகத்தில், அரசவைக்குள் ஒருவன் அலறிக்கொண்டு வருகிறான். கல்லு என்ற வணிகனின் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததில் வந்தவனுடைய ஆடு நசுங்கிச் செத்துவிட்டது. நியாயம் வேண்டும் என்கிறான். குடிபோதையில் இருக்கும் அரசன் யோசிக்கவே இல்லை. அந்தச் சுவரைப் பிடித்து வரச் சொல்கிறான். செங்கல்லும் சுண்ணாம்புமான சுவரை எப்படி இழுத்து வருவது என்று அமைச்சர் விளக்குகிறார். அப்படியானால் சுவருக்கு அண்ணன் தம்பி, பிள்ளை, சிநேகிதன் என்று யாராவது இருப்பார்கள் அல்லவா, அவர்களைக் கொண்டுவாருங்கள் என்கிறான் அரசன்.

நாடகத்தின் பெயர் ‘அந்தேர் நகரி’. எழுதியவர் பாரதேந்து ஹரிச்சந்திரர். நவீன இந்தி இலக்கியத்தைத் தொடங்கி வைத்தவர் என்று இந்தி உலகம் கொண்டாடும் அவர், 34 வயதிலேயே, 1885 ஜனவரியில் காலமானார். காசியின் தசாசுவமேதப் படித்துறைப் பகுதியில் வங்காளிகளும் இந்துஸ்தானிகளும் கூடி நடத்திய ‘நேஷனல் தியேட்டர்’ குழுவுக்காக இதை ஒரே நாளில் எழுதிக் கொடுத்தார். ஆறே காட்சிகள். பீகாரில் கொடுமைக்குப் பெயர்போன ஒரு ஜமீன்தாரை மனத்தில் வைத்து எழுதியது என்றும் ஒரு செய்தி உண்டு. வைஸ்ராய் லிட்டன் 1878-ல் கொண்டுவந்த இந்திய மொழிப் பத்திரிகைச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஆட்சியைப் பற்றி நேராகப் பேச வழியில்லாத அந்தக் காலத்தில் நாட்டுப்புறக் கதை ஒன்று கைகொடுத்தது.

கதை அவருடையது அன்று. வட இந்தியா முழுக்கப் பழமொழியாக ஓடிக்கொண்டிருந்தது. பிரயாகைக்கு எதிரே கங்கையின் மறுகரையில் ஜூசி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹர்போங் என்ற மூட அரசன் அங்கே ஆண்டதாகவும், யோகி மச்சேந்திரநாதரும் அவர் சீடர் கோரக்கநாதரும் வந்தபோது இதே கூத்து நடந்ததாகவும், பிறகு ஊரே தலைகீழாகக் கவிழ்ந்ததாகவும் உள்ளூரார் சொல்வார்கள். அங்குள்ள மேட்டுக்கு இன்றும் ‘கவிழ்ந்த கோட்டை’ என்றுதான் பெயர். குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் இதையே நெடும்பாட்டாகப் பாடினார். அங்கே செத்தது ஆடு இல்லை, கன்னம் வைக்கப் போன திருடன். அவனுடைய தாய் அரசனிடம் முறையிடுகிறாள். ஏ.கே. ராமானுஜன் தொகுத்த கன்னட வடிவத்தில் திருடனின் சகோதரன் வருகிறான். திருடனுக்கே நியாயம் கேட்கும் இந்த வடிவங்கள் இன்னும் கூர்மையானவை. ஆனால் தத்துவக் கேள்வியை முழு உருவில் மேடையேற்றியது காசிக்காரரின் நாடகம்தான். நடந்த தீங்குக்குப் பொறுப்பாளியைத் தேடுவது எந்த இடம்வரை நியாயம், எந்த இடத்தில் அது பலியாக மாறுகிறது என்பதே அந்தக் கேள்வி.

விசாரணை எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். கல்லு வருகிறான். சுவரைக் கட்டியது கொத்தனார், அவர் சரியாகக் கட்டவில்லை என்கிறான். கல்லு விடுவிக்கப்படுகிறான். கொத்தனார், சுண்ணாம்புக்காரன் சாந்தைக் கெடுத்துவிட்டான் என்கிறார். சுண்ணாம்புக்காரன், தண்ணீர் சுமக்கும் பிஸ்தி அதிகமாக ஊற்றிவிட்டான் என்கிறான். பிஸ்தி, கசாப்புக்காரன் தோல்பையைப் பெரிதாகச் செய்துவிட்டான் என்கிறான். கசாப்புக்காரன், ஆட்டிடையன் பெரிய ஆட்டை விற்றுவிட்டான் என்கிறான். ஆட்டிடையனோ, நகரக் காவல் அதிகாரியான கொத்தவாலின் ஊர்வலம் அப்போது போயிற்று, அந்தக் கூட்டத்தில் பெரிய ஆடு எது, சின்ன ஆடு எது என்று பார்க்க முடியவில்லை என்கிறான். அவ்வளவு ஆர்ப்பாட்டமாக ஊர்வலம் போனதற்காகக் கொத்தவாலுக்குத் தூக்கு. அவை கலைகிறது.

இந்தச் சங்கிலியைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் இதில் எந்தக் கண்ணியும் பொய் இல்லை. சாந்தில் தண்ணீர் கூடினால் சுவர் வலுவிழக்கும். பை பெரிதானால் தண்ணீர் கூடும். ஆடு பெரிதானால் பை பெரிதாகும். ஒவ்வொரு சாட்சியும் உண்மையான ஒரு காரணத்தைத்தான் சொல்கிறான். தவறு காரணங்களில் இல்லை. காரணமாக இருப்பதெல்லாம் குற்றமாகிவிடும் என்று அவை ஏற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது.

இதைப் பற்றிக் காசியில் பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள் என்பது இங்கே முக்கியம். நியாய தரிசனம் படிக்கும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் ஓர் எடுத்துக்காட்டு குயவனும் பானையும். குயவன், சக்கரம், சக்கரத்தைச் சுழற்றும் கோல், களிமண் ஆகியவை பானைக்குக் காரணங்கள். குயவனின் தந்தை? அவர் இல்லாமல் குயவன் இல்லை, குயவன் இல்லாமல் பானை இல்லை. மண் சுமந்து வந்த கழுதை? அதுவும் பானைக்கு முன்னால் அங்கே நின்றதுதான். ஆனாலும் தந்தையும் கழுதையும் பானைக்குக் காரணம் ஆகமாட்டார்கள் என்று நியாய நூலார் வகுத்தார்கள். இப்படி முன்னால் இருந்தும் காரணத் தகுதி பெறாதவற்றை ‘அன்யதாசித்தம்’ என்று பெயரிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய ‘பாஷாபரிச்சேதம்’ இதை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. தர்க்கப் பாடசாலையில் முதல் ஆண்டு மாணவன் கழித்துவிடும் கழுதையைத்தான் இந்த அரசவை தூக்குமேடைக்கு அனுப்புகிறது. ராமானுஜனின் கன்னடக் கதை தந்தையையும் விட்டுவைக்கவில்லை. அங்கே பழி கடைசியில் ஒரு செல்வந்தரின் தந்தைமேல் போய் விழுகிறது. அவர் இறந்துவிட்டார். அவருடைய சொத்தை வாங்கிக்கொண்ட மகன் குற்றத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாகிறது.

சுவரைக் கைது செய்யச் சொன்னது மட்டும் வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிட முடியுமா? பழைய ஏதென்ஸில் ஒருவர் மேல் கல்லோ மரமோ இரும்போ விழுந்து இறந்தால், பிரிடானியன் என்ற இடத்தில் அந்தப் பொருளையே விசாரித்து எல்லைக்கு வெளியே எறிந்தார்கள். தாசோஸ் தீவில் மல்லன் தியாஜினிசின் சிலை விழுந்து ஒருவன் இறந்தபோது சிலையைக் கடலில் போட்டார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் பாசானியாஸ் எழுதுகிறார். பிரான்சின் பலேஸ் நகரில் 1386-ல் குழந்தையைக் கொன்ற பன்றிக்கு மனித உடை உடுத்தித் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்தில் மனித உயிரைப் பறித்த வண்டியோ எந்திரமோ அரசுக்குப் பறிமுதலாகும் என்ற ‘டியோடாண்ட்’ வழக்கம் பல நூற்றாண்டு நீடித்து, ரயில் எஞ்சின்கள்மேலும் பாய்ந்து, 1846-ல்தான் ஒழிந்தது. காசியை ஆண்ட வெள்ளைக்காரர்களின் சொந்த நாட்டில் பொருளைத் தண்டிக்கும் சட்டம் போய் முப்பத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு சாவு நிகழ்ந்தால் ஏதாவது ஒன்று ஈடு கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் உலகின் சமநிலை குலைந்துபோகும் என்ற அச்சம் மனிதருக்கு மிகப் பழையது. அந்தேர் நகரியின் அரசன் அந்த அச்சத்தின் வாரிசு.

கொத்தவாலுக்குத் தீர்ப்பானதும் நாடகம் முடிந்திருக்கலாம். அங்கிருந்துதான் அது ஆழமாகிறது. கொத்தவாலைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகிறார்கள். சுருக்கு பெரிது, கொத்தவால் ஒல்லி. செய்தி அரசனுக்குப் போகிறது. அப்படியானால் நல்ல பருமனான ஒருவனைப் பிடித்துத் தொங்கவிடுங்கள் என்று ஆணை வருகிறது. காட்டோரமாக உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருக்கும் கோவர்தன்தாஸ் என்ற இளம் சாமியாரை நான்கு சேவகர்கள் பிடிக்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று அவன் கேட்கிறான். ஆடு செத்ததற்கு யாருக்காவது தண்டனை நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் நடந்ததாகாது என்று அவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள்.

வணிகன் கல்லு முதல் ஆட்டிடையன்வரை குற்றம் கைமாறிக்கொண்டே போகும்போது தூக்குமேடைக்குச் சிக்கலே இல்லை. அது தற்செயலாக அரண்மனைக்குள் நுழைந்து ஆட்சியின் சொந்த அதிகாரியைத் தொட்டவுடன்தான் சுருக்கு பொருந்தாமல் போகிறது. அந்தக் கணத்தில் காரணமும் தேவைப்படாமல் போகிறது. அதுவரை ஏதோ ஒரு தர்க்கமாவது இருந்தது. இப்போது கழுத்தின் சுற்றளவு மட்டும் போதும். ஊர்க்காரர்களைப் பிடிக்காமல் ஏன் சாமியாரைப் பிடிக்கிறார்கள் என்றால், கேட்பாரற்றவர்கள் அவர்கள்தான் என்ற விளக்கமும் நாடகத்திலேயே இருக்கிறது. பாரதேந்து காசியில் சில காலம் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். வழக்கு எப்படி நகரும், யாரிடம் போய் நிற்கும் என்பதை அருகிருந்து பார்த்த ஒருவரின் எழுத்து இது.

தல்பத்ராமின் குஜராத்திலேயே 2022 அக்டோபர் 30 அன்று மோர்பி நகரின் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஒன்பது பேர் கைதானார்கள். இரண்டு மேலாளர்களோடும் பழுதுபார்த்த இரண்டு ஒப்பந்தக்காரர்களோடும் டிக்கெட் கிழித்துக் கொடுத்த இரண்டு பேரும் காவலாளிகள் மூன்று பேரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனத்தின் தலைவர் மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரி இறுதியில், நீதிமன்றத்தில் சரணடைந்தார். டிக்கெட் கொடுத்தவர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தை அளவில்லாமல் விட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் கை முதலில் எட்டியது யாரை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. சங்கிலி எங்கே அறுபட வேண்டும் என்பது எளிய கணக்கு இல்லை. அஜாக்கிரதையால் ஒருவர் சாவுக்குக் காரணமாவதைத் தண்டித்த 304-ஏ பிரிவு, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-ல் சேர்க்கப்பட்டது. பம்பாயில் வண்ணத் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்துத் தொழிலாளர்கள் மாண்ட வழக்கில், 1960-களில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியது. ‘இது இல்லாவிட்டால் அது நடந்திருக்காது’ என்ற அளவிலான தொடர்பு போதாது, அந்தச் செயலே சாவை நேரடியாக விளைவித்திருக்க வேண்டும் என்றது. கழுதையையும் குயவனின் தந்தையையும் கழித்த நியாய நூலாரின் அதே வேலை. குருட்டுப் பழியிலிருந்து எளியவரைக் காக்கும் விதி இது. ஆனால் அதே விதியின்படி அந்த வழக்கில் மேலாளர் 304-ஏ குற்றத்திலிருந்து விடுபட்டார். சங்கிலியை நீட்டினால் ஆட்டிடையன் தொங்குகிறான், மிகவும் குறுக்கினால் கல்லு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். கல்லுதான் அந்தச் சுவரின் சொந்தக்காரன். தினமும் அதைப் பார்த்தவன். விரிசல் விட்டிருந்தால் அவனுக்கே முதலில் தெரிந்திருக்கும். நாடகத்தில் முதலில் விடுதலையாவதும் அவன்தான்.

அரசவைக்கு முன்பாகவே, சந்தைக் காட்சியில், இந்த நகரத்தின் நோய் தெரிந்துவிடுகிறது. அங்கே எல்லாப் பொருளும் ஒரே விலை, ஒரு சேர் எடைக்கு ஒரு டகா காசு. கீரையும் அதே விலை, நெய் மணக்கும் இனிப்பும் அதே விலை. ஜீரணப் பொடி விற்பவன் தன் பொடியின் புகழ் பாடும்போது, லஞ்சம் தின்னும் அலுவலர்களையும் சட்டத்தையே விழுங்கும் போலீசையும் இந்தியாவையே செரித்துக்கொண்ட துரைமார்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். ஒரு பிராமணன் சாதியை விற்கிறான். டகா கொடுத்தால் போதும், யாரையும் எந்தச் சாதியாகவும் ஆக்கிவிடுவான். கோவர்தன்தாசின் குருவான மகந்த் இந்த விலைப்பட்டியலைக் கேட்டதும் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். கற்பூரமும் பஞ்சும் வெண்மையாக இருப்பதால் ஒன்றாகிவிடும் இடத்தில் வாழக்கூடாது என்பது அவர் சொல்லும் காரணம்.

சமயம் அறிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் காண்பதல்லவா ஞானம்? கல்வியும் பணிவும் உள்ள அந்தணனிடத்திலும் பசுவிடத்திலும் யானையிடத்திலும் நாயிடத்திலும் நாயைத் தின்பவனிடத்திலும் சமமாகப் பார்ப்பவரே பண்டிதர் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறதே. அப்படியானால் எல்லாம் ஒரே விலை என்ற நகரம் ஞானிகளின் நகரம் ஆகாதா? ஆகாது. சமநோக்கு உயிர்களுக்குள் இருக்கும் ஒன்றைப் பார்க்கிறது. யானைக்கு வேண்டியதும் நாய்க்கு வேண்டியதும் வேறு என்பதை அது மறப்பதில்லை. வேதாந்தம் மாணவனிடம் கேட்கும் முதல் தகுதியே விவேகம், அதாவது நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறியும் ஆற்றல். அந்தேர் நகரியில் பிரித்தறிவு கடையிலும் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை. கீரைக்கும் இனிப்புக்கும் வேறுபாடு தெரியாத நகரத்துக்குத்தான் குற்றவாளிக்கும் வழிப்போக்கனுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

மகந்தின் வாதத்தை அப்படியே வழிமொழிவதிலும் ஆபத்து இருக்கிறது. வேறுபாடு அறிய வேண்டும் என்ற பேச்சு இந்த நாட்டில் பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கப் பல நூற்றாண்டு உதவியிருக்கிறது. பாரதேந்துவே அதை அறிந்திருந்தார் என்பதற்குச் சாதி விற்கும் பிராமணன் சாட்சி. அந்தப் பாத்திரம் சந்தையில் நிற்பதால்தான், மகந்த் சொல்லும் வேறுபாடு செயலையும் தகுதியையும் பற்றியது, பிறவியைப் பற்றியது இல்லை என்று வாசிக்க இடம் கிடைக்கிறது. அப்படி வாசிப்பதே நாடகத்துக்கும் நமக்கும் நல்லது.

மகந்துக்கு இரண்டு சீடர்கள். நாராயண்தாஸ் குருவோடு போய்விடுகிறான். கோவர்தன்தாஸ் தங்கிவிடுகிறான். பிச்சையெடுத்த காசுக்கு இவ்வளவு இனிப்பு எந்த ஊரில் கிடைக்கும்? அவன் கெட்டவன் இல்லை. யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அந்த ஊரின் முட்டாள்தனம் தனக்கு மலிவாக இருந்தவரை அதைப் பற்றி அவனுக்குக் குறையே இல்லை. அங்கே தின்று வளர்ந்த உடம்புதான் அந்தச் சுருக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அநியாயத்தின் நிழலில் வசதியாக இருந்த பார்வையாளரை இவ்வளவு கடுமையாகத் தொடும் பாத்திரம் இந்திய நகைச்சுவை நாடகங்களில் அரிது.

ஆடு செத்த கதையைப் படிக்கும் தமிழருக்குக் கன்று செத்த கதை நினைவுக்கு வராமல் இராது. திருவாரூரில் இளவரசனின் தேரின் கீழ் ஓடிவந்து விழுந்த கன்று, ஆராய்ச்சி மணியை இழுத்த தாய்ப்பசு, தன் மகன்மேல் தானே தேரோட்டிய மனுநீதிச் சோழன். சேக்கிழார் பெரியபுராணத்தின் வாயிலிலேயே இதை வைத்திருக்கிறார். இலங்கையின் மகாவம்சம் இதே செய்தியை எல்லாள மன்னனுக்கு உரியதாகச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. நேர்மையாகப் பார்த்தால் இந்தக் கதையும் தத்துவத்துக்கு இடைஞ்சல் தருவதுதான். கன்று தானாகத் தேருக்குக் குறுக்கே வந்தது, இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. நியாய நூலாரிடமோ இன்றைய நீதிமன்றத்திடமோ அந்த வழக்கு போயிருந்தால் மரண தண்டனை விழுந்திருக்காது. அமைச்சர்களும் அதைத்தான் சொன்னார்கள். நூல்கள் விதித்த பிராயச்சித்தம் போதும் என்றார்கள். சோழன் மறுத்தான்.

இரண்டு அரசரும் உயிருக்கு உயிர் என்ற ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அப்படியிருந்தும் ஒருவரைக் கண்டு சிரிக்கிறோம், ஒருவரை வணங்குகிறோம். சோழனின் விசாரணை அரண்மனை வாசலில் தொடங்கி உள்ளே போகிறது. தன் குலத்துக்கு ஒரே மகனிடம் போய் நிற்கிறது. அந்தேர் நகரியின் விசாரணையோ அரண்மனையைத் தொட்டவுடன் வெளியே திரும்பிக் காட்டுக்கு ஓடுகிறது. சோழனின் தீர்ப்பு மிகை என்று ஒருவர் வாதிடலாம், அதில் தவறில்லை. ஆனால் ஆட்சியாளன் தன்னை விசாரணைக்கு வெளியே வைத்துக்கொள்ளவில்லை என்ற ஒன்றுக்காகவே அந்தக் கதை ஆயிரம் ஆண்டு நிற்கும் தகுதி பெற்றது. காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற அங்கத நாடகத்திலும் இதன் சாயல் உண்டு. மண்டையோட்டைத் தொலைத்த காபாலிகன் வழக்குமன்றம் போகலாம் என்ற பேச்சு வந்ததும், விகாரைகளின் செல்வமுள்ள பௌத்தத் துறவி அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், நம்மிடம் என்ன இருக்கிறது என்று அவன் துணைவி கேட்கிறாள். தன் நகரத்து நீதிமன்றத்தைப் பற்றி ஓர் அரசனே மேடையில் இப்படிப் பேசவைத்தான்.

முடிவுக் காட்சி சுடுகாட்டில். சீடனுக்குத் தூக்குப் போடும் நேரத்தில் மகந்த் வந்து சேர்கிறார். கடைசி உபதேசம் செய்ய அனுமதி கேட்டு, சீடனின் காதில் ஏதோ ஓதுகிறார். உடனே குருவும் சீடனும் நான்தான் தொங்குவேன், நான்தான் தொங்குவேன் என்று சண்டையிடத் தொடங்குகிறார்கள். காரணம் கேட்டால், இந்த முகூர்த்தத்தில் சாகிறவன் நேரே வைகுண்டம் போவான் என்கிறார் மகந்த். அமைச்சர் முந்துகிறார், கொத்தவால் முந்துகிறான். அரசன் இருக்கும்போது வைகுண்டம் போக வேறு யாருக்கு உரிமை என்று அரசனே மேடையேறித் தொங்குகிறான்.

காசியில் இறப்பவர் காதில் சிவபெருமானே தாரக மந்திரம் ஓதி முக்தி தருகிறார் என்பது அந்த நகரத்தின் உயிர்மூச்சான நம்பிக்கை. மணிகர்ணிகைச் சுடலைக்குச் சிறிது தூரத்தில் இருந்த ஒரு நாடகக் குழுவுக்காக, சுடுகாட்டில் ஒரு குரு காதில் ஓதும் காட்சியைப் பாரதேந்து எழுதினார். வல்லப சம்பிரதாய வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், பக்தி மிகுந்தவர். அவர் முக்தியைக் கேலி செய்யவில்லை. முக்தியையும் தன் அதிகாரத்தால் பறித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் மனத்தைத்தான் தூக்கிலிடுகிறார். அறம் வழுவிய அரசனைத் தண்டமே சுற்றத்தோடு அழிக்கும் என்று மனு தர்ம சாத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. இங்கே அரசன் அளவில் அது அப்படியே நடக்கிறது. கயிறு அதேதான், கழுத்துதான் மாறுகிறது.

ஆனால் குரு சொன்னது பொய். துறவி பொய் சொல்லலாமா? மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குக் கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மை மட்டுமே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகன், ஒளிந்திருந்தவர்களைக் கொள்ளையருக்குக் காட்டிக்கொடுத்து, அந்த உண்மையின் பலனாக நரகம் போனான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் நிலை. இந்த அளவுகோல்களில் மகந்த் தேறிவிடுகிறார் என்றே தோன்றுகிறது. ஒரு குற்றமற்ற உயிரைக் காத்தார். யாரையும் தள்ளவில்லை, ஏறியவன் தன் பேராசையால் ஏறினான்.

எனினும் மகந்தின் வெற்றியை நியாயத்தின் வெற்றி என்று கொள்ள மனம் ஒப்பவில்லை. பாரதேந்து 1873-ல் எழுதிய ‘வைதிகி ஹிம்சா ஹிம்சா ந பவதி’ என்ற முந்தைய அங்கத நாடகம் எமனின் சபையில் முடிகிறது. சித்திரகுப்தன் கணக்கை வாசிக்க, சமயத்தின் பெயரால் ஊனும் கள்ளுமாகத் திளைத்த அரசனும் புரோகிதனும் அமைச்சனும் தண்டனை பெறுகிறார்கள். பூமியில் கிடைக்காத நீதி மேலே கிடைத்தது. எட்டு ஆண்டு கழித்து எழுதிய நாடகத்தில் எமனும் இல்லை, சித்திரகுப்தனும் இல்லை. ஒரு புத்திசாலிக் கிழவரின் தந்திரம் மட்டுமே இருக்கிறது. குரு வந்து சேராத நாளில் பிடிபட்ட பருமனானவர்கள் தொங்கியிருப்பார்கள். ஆட்டுக்காரனுக்கு ஈடு கிடைக்கவில்லை. ஆறு காட்சிகளிலும் அரசனோ அமைச்சரோ கொத்தவாலோ ஒருமுறைகூட அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கவில்லை.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, விடிவதற்கு முன், மழையில் ஊறிய கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று பட்டியல் சமூகத்தாரின் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் தடியடி நடந்தது. போராடியவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். சுவரின் உரிமையாளர் கைதாகிப் பிறகு ஜாமீனில் வந்தார். அவ்வளவு உயரமான சுவர் அங்கே எப்படி எழும்பியது, முறையீடுகளைப் பார்த்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகள் அந்த ஊராரோடு நின்றுவிடக் கூடாது.

‘அந்தேர் நகரி’ இந்தியில் பள்ளி மாணவர் முதல் தேசிய நாடகப் பள்ளிவரை நடித்த நாடகம், பி.வி. காரந்த் போன்ற நாடக மேதைகள் கைவைத்தது. எழுதியவர் மறைந்து நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை. பெரிய அரங்க அமைப்பும் தேவையில்லை; ஒரு சந்தை, ஒரு அரியணை, ஒரு கயிறு போதும். தமிழ் நாடகக் குழுக்களும் கல்லூரி மாணவரும் இதை இந்தியிலிருந்து நேரடியாகப் பெயர்த்து மேடையேற்ற வேண்டும். சிரிப்புக்காகச் சந்தைக் காட்சியை மட்டும் நீட்டாமல், சேவகர்கள் கோவர்தன்தாசைப் பிடிக்கும் காட்சியை ஒரு வரி குறைக்காமல் நடிக்க வேண்டும்.